ரேணுகாவின் பழஞ்சோற்றுச் சட்டி

தம்பி ராசா,

இதை நான் போனில் பேசி அனுப்பவில்லை, கையால் எழுதுகிறேன். போனில் பேசினால் நான் உன்னை வென்றுவிடுவேன். நடுவில் ஒருதரம் குரல் தழுதழுத்தால் போதும், நீ "சரி அம்மா, விடுங்கோ" என்று சொல்லிவிடுவாய். அந்தத் தந்திரம் எனக்கு நன்றாகத் தெரியும், உன்னிடம் பலமுறை செய்திருக்கிறேன். காகிதத்தில் அது செல்லாது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் எழுதுகிறேன், எழுத்தில் பிழை இருக்கும். அதைப் பொறுத்துக்கொள். மற்றப் பிழையைப் பொறுக்கச் சொல்லி நான் கேட்கப் போவதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நீ கட்டாரிலிருந்து போன் எடுத்துச் சொன்னது என் காதிலேயே நிற்கிறது. வெள்ளிக்கிழமை பெரியப்பாவையும் கூட்டிக்கொண்டு விசுவமடுவுக்கு, ரேணுகாவின் தாய் வீட்டுக்குப் போகச் சொன்னாய். உன் மகள் நிலானியைத் தூக்கிக்கொண்டு வரச் சொன்னாய். "அவள் தாய் வீட்டிலேயே இருக்கட்டும். பழுதாப்போன சோத்தைக் குடுத்துப் பிள்ளையைக் கொல்லப் பாத்தவளோட எனக்கு என்ன கதை? மிச்சத்தைப் பொங்கலுக்கு வந்து பாக்கிறன்" என்றாய். நான் "ஓம் ராசா" என்றேன். நீ போனை வைத்த பிறகும் அதைக் கையில் பிடித்தபடி குசினிக் கதிரையில் இருந்தேன். அடுப்பில் வைத்த சோறு அடிப்பிடித்து மணந்த பிறகுதான் எழும்பினேன். அந்த ஓம் ஒரு பொய். அதற்கு முன்னால் நான் சொன்னவையும் பொய்கள்தான்.

உன் பிள்ளையின் வயிற்றைக் கெடுத்தது ரேணுகாவின் பழஞ்சோறு இல்லை. நான்.

இதை எழுதிவிட்டுப் பேனையை வைத்துவிட்டு, எழும்பிப் போய்க் கோழிகளைத் திறந்துவிட்டு வந்தேன். இனி முழுவதும் எழுதலாம்.

உனக்கு ரேணுகாவைப் பிடித்திருக்கிறது என்று நீ சொன்ன நாளில் இருந்து தொடங்க வேண்டும். நம்முடைய ஆட்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து இங்கே முரசுமோட்டைக்கு வாய்க்கால் தண்ணீரை நம்பி வந்தவர்கள். உன் அப்பப்பா காடு வெட்டின கதையை நான் சொல்லி உனக்குக் காது புளித்திருக்கும். ரேணுகாவின் ஆட்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்தவர்கள். அவர்களும் காடு வெட்டினவர்கள்தான். ஆனால் அவர்கள் வெட்டின காட்டை நான் காடாக நினைக்கவில்லை. கல்யாண எழுத்து வைக்கப் போன அன்று அவர்கள் வீட்டில் எனக்கு என்ன தந்தார்கள் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? சோடா. மூடியை என் முன்னால்தான் திறந்தார்கள். அவர்களுக்குத் தெரியும், என்னைப் போன்றவர்கள் தங்கள் வீட்டில் மூடி திறக்காத சோடாவை மட்டும்தான் குடிப்பார்கள் என்று. சம்பந்தியம்மா போத்தலைத் துணியால் துடைத்துத் தந்தா. நான் அரைவாசி குடித்துவிட்டு, இனிப்புக் கூட என்று சொல்லி வைத்தேன். இந்த ஐந்து வருடத்தில் அந்த வீட்டில் நான் பச்சைத் தண்ணீர் குடித்ததில்லை. ஒவ்வொருமுறையும் ஒரு சாட்டு வைத்திருந்தேன். ஒருமுறை விரதம், ஒருமுறை வயிற்றுப் புண், ஒருமுறை பஸ் வந்துவிடும். நீ ஒன்றையும் கவனிக்கவில்லை. அவள் எல்லாவற்றையும் கவனித்தாள்.

வந்த புதிதில் அவள் என்னை "அத்தை" என்று கூப்பிட்டாள். நான் அதைத் திருத்தினேன். "இஞ்ச மாமி எண்டுதான் கூப்பிடுறது" என்றேன். அன்றிலிருந்து மாமி என்றாள். கறிக்கு உப்புப் போடுவதிலிருந்து விளக்குமாற்றைச் சாத்தி வைப்பது வரை நான் சொன்னபடியே மாறினாள். ஒன்றை மட்டும் விடவில்லை. தன் வீட்டிலிருந்து கொண்டுவந்த ஒரு மண்சட்டி. இரவு மிஞ்சின சிவப்பரிசிச் சோற்றை அதில் போட்டு, கொதித்து ஆறின தண்ணீர் ஊற்றி மூடி வைப்பாள். காலையில் அதைக் கையால் பிசைந்து, தயிர் விட்டு, சின்ன வெங்காயத்தை நறுக்கிப் போட்டுச் சாப்பிடுவாள். நிலானிக்கு இரண்டு வயது முடிந்த பிறகு அவளும் பக்கத்தில் குந்தி ஆவென்று வாயைத் திறக்கத் தொடங்கினாள். அந்த வெங்காயத்தைக் கூட உறைக்குது என்று சொல்லாமல் கடித்தாள்.

எனக்கு அது பிடிக்கவில்லை. கட்டாரிலிருந்து பணம் வருகிற வீடு, குளிர்சாதனப் பெட்டி இருக்கிற வீடு, பேத்தி பழஞ்சோறு தின்கிறதா என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டுவிடுவாள் என்று பயந்தேன். ஒருநாள் அவள் உண்மையாகவே வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்ன அக்கா, மருமகள் உங்களுக்கும் தாறவளோ?" என்று கேட்டாள். நான் சிரித்துக்கொண்டு, "எங்கட வீட்டில அது நாய்க்கு வைக்கிறது" என்றேன். ரேணுகா கிணற்றடியில் நின்றாள். அவளுக்குக் கேட்கட்டும் என்றுதான் குரலை உயர்த்திச் சொன்னேன். ராசா, நான் ஏழு வயதிலிருந்து கல்யாணம் முடிக்கிற வரை காலையில் பழஞ்சோறுதான் தின்றேன். என் அம்மா பச்சை மிளகாயும் ஊறுகாயும் வைத்து உருட்டி உருட்டித் தருவா, நாங்கள் ஐந்து பேர் வட்டமாக இருந்து கை நீட்டுவோம். பட்டினியில் தின்ற சோறும் இல்லை அது. ருசியாக இருந்தது. அதை நான் மறந்துபோனேன் என்று சொன்னால் அதுவும் பொய். மறைத்தேன்.

ஒரு நாள் அவள் கிளினிக்குக்குப் போன நேரம் பார்த்து அந்தச் சட்டியை எடுத்துக் கோழிக்குத் தண்ணீர் வைத்தேன். வந்து பார்த்தாள். கோழி அதில் கால் வைத்துக்கொண்டு நின்றது. அடுத்த நாளிலிருந்து ஒரு அலுமினியச் சட்டியில் ஊற வைத்தாள். அதில் புளிப்பு வேறு மாதிரி வந்தது என்று நிலானி முகத்தைச் சுளித்தாள். அந்த இடத்தை நான் பிடித்துக்கொண்டேன். காலையில் நானே முந்தி எழும்பிப் பிள்ளைக்குப் பாணும் பட்டரும், இனிப்பு பிஸ்கற்றும், பால்மாக் கரைத்த தண்ணீரும் கொடுத்தேன். வெள்ளைப் பாண், வெள்ளைச் சீனி, வெள்ளைப் பால். பிள்ளையும் என் பக்கம் சாய்ந்தது. நான் வென்றேன் என்று நினைத்தேன்.

இனி ஒரு தகரப் பேணியின் கதை. என் அலுமாரியின் மேல்தட்டில், சேலைகளுக்குப் பின்னால், ஒரு பிஸ்கற் பேணி இருக்கிறது. அதற்குள் மருந்துக் குளிசைகள். எனக்குப் பல்லடி வீங்கினபோது தந்த கப்சூல்களில் வலி நின்றவுடன் நிறுத்தி மிச்சம் வைத்தது, உனக்குக் காலில் ஆணி ஏறினபோது தந்ததில் மிச்சம், பெரியப்பாவுக்குச் சளிக்குத் தந்ததில் நான் கேட்டு வாங்கினது. மருந்து கிடைக்காத காலத்தைக் கண்டவள் நான். ஒரு குளிசையைக் கூட எறிய எனக்குக் கை வராது. இதை உனக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஆனால் சேர்த்து வைத்தது ஒரு பிழை, அதைக் கொடுத்தது வேறு பிழை.

நிலானிக்கு முதல்முதல் வயிற்றோட்டம் வந்தது ஆனியில். பெரிதாக ஒன்றும் இல்லை, நான்கு தரம் போனாள். ரேணுகா உப்பும் சீனியும் கரைத்துக் கொடுத்துக்கொண்டு, கிளினிக்கில் சொன்னபடி பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பொறுமை இல்லை. அவள் துணி தோய்க்கப் போன நேரம் ஒரு கப்சூலைப் பிரித்து, பாதித் தூளைத் தேனில் குழைத்துப் பிள்ளையின் நாக்கில் தடவினேன். மிச்சப் பாதியைக் காகிதத்தில் சுருட்டி வைத்து மாலையில் கொடுத்தேன். அடுத்த நாள் நின்றுவிட்டது. கொடுக்காவிட்டாலும் நின்றிருக்கும் என்று இப்போது தெரியும். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், நான் நிறுத்தினேன் என்பதுதான். பிறகு ஆடியில் ஒருமுறை. ஆவணியில் இருமுறை. தும்மினதற்குக் கூட ஒருநாள் கொடுத்தேன். ஒவ்வொருமுறையும் பிள்ளையின் காதில், "இது அப்பம்மான்ர தேன். அம்மாட்டச் சொல்லாதை, சொன்னால் இனித் தரமாட்டன்" என்பேன். நான்கு வயதுப் பிள்ளைக்கு நான் பழக்கிய முதல் களவு அது.

புரட்டாதியில் வயிறு நிற்கவே இல்லை. ஊதும், உருளும், ஓடும், இரண்டு நாள் நிற்கும், திரும்பவும் ஓடும். சாப்பாட்டைக் கண்டால் தலையைத் திருப்பினாள். நிறை பார்க்கும் கிளினிக்கில் அட்டையில் கோடு கீழே இறங்கியிருந்தது. நர்ஸ் மிசி அதைப் பார்த்து ரேணுகாவை ஏசினா. "நீர் தாயோ, பிள்ளைக்கு என்ன குடுக்கிறீர்?" என்றா. நான் பக்கத்தில் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ரேணுகா தலையைக் குனிந்தாள். நானும் குனிந்தேன், ஆனால் என் குனிவுக்கு வேறு காரணம் என்று அங்கே யாருக்கும் தெரியாது.

பிறகு ஆஸ்பத்திரி. உனக்குத் தெரிந்த கதை அது, ஆனால் நீ கேள்விப்பட்டது அரைவாசிதான். ஒரு இளம் பெண் டொக்டர், உன் வயதுதான் இருக்கும். பிள்ளையின் வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு, அண்மையில் ஏதாவது குளிசை, அன்ரிபயோட்டிக் கொடுத்தீர்களா என்று கேட்டா. ரேணுகா இல்லை என்றாள். அவளுக்குத் தெரிந்தவரை அது உண்மை. நிலானி என்னைப் பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை. நான் பழக்கியபடி இருந்தாள். நான் அவளுடைய தலைக்கிளிப்பைச் சரிசெய்தேன். அந்தக் கிளிப் சரியாகத்தான் இருந்தது. டொக்டர் இன்னொருதரம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று இவ்வளவு நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லியிருக்க மாட்டேன். ஏனென்றால் அடுத்ததாக நான் வாயைத் திறந்தபோது சொன்னது இதுதான்: "டொக்டர், இவ பிள்ளைக்குப் பழஞ்சோறு குடுக்கிறவ."

டொக்டர் ரேணுகாவிடம் விசாரித்தா. எந்தத் தண்ணீர், எவ்வளவு நேரம், மூடி வைப்பதா, மிஞ்சினால் என்ன செய்வது. ரேணுகா ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். கொதித்து ஆறின தண்ணீர், மூடி வைப்பது, காலையில் முடிப்பது, நாற்றம் மாறினாலோ வழுவழுத்தாலோ ஊற்றிவிடுவது. டொக்டர் தலையை ஆட்டி, அப்படிச் சுத்தமாகச் செய்தால் அதில் பிழை இல்லை என்று சொன்னா. தயிரையும் நிறுத்த வேண்டாம் என்றா. இரண்டு நாள் மறித்து வைத்து, உப்புக் கரைசல் கொடுத்து, வீட்டுக்கு விட்டார்கள்.

நான் உனக்குச் சொன்னது என்ன? "டொக்டர் பழஞ்சோத்தைப் பற்றித்தான் துருவித் துருவிக் கேட்டவா." ஒரு சொல் கூடப் பொய் இல்லை. அதனால்தான் அது என் பொய்களிலேயே கெட்டது.

நான் ஏன் அவ்வளவு அவசரமாக அன்று பின்னேரமே உன்னைக் கூப்பிட்டேன் என்று இப்போது சொல்கிறேன். ஆஸ்பத்திரியால் வந்தவுடன் ரேணுகா பிள்ளையின் பழைய கிளினிக் அட்டையைத் தேடி என் அலுமாரியைத் திறந்தாள். பேணி அகப்பட்டது. அதற்குள் பாதித் தூளோடு சுருட்டி வைத்த காகிதங்களும் இருந்தன. குசினி மேசையில் கொண்டுவந்து வைத்தாள். அது என் பல்லுக்கு என்று சொன்னேன். அவள் ஒரு சுருட்டை விரித்துப் பார்த்தாள். தேன் பட்டுக் காகிதம் ஒட்டியிருந்தது.

"பல்லுக்கு அரை அரையாவா சாப்பிடுவீங்க?" என்றாள்.

பிள்ளையைக் குளிக்க வார்க்கப் போனாள். அவள் உன்னைக் கூப்பிடுவதற்கு முதல் நான் கூப்பிட்டேன். அவ்வளவுதான். நீ கோபத்தில் அவளுக்குப் போன் எடுத்துக் கத்தினது எனக்குக் குசினி வரை கேட்டது. அவள் டொக்டர் சொன்னதைச் சொல்லப் பார்த்தாள். "எங்கட அம்மா பொய் சொல்லமாட்டா" என்று நீ கத்தினாய். ராசா, என் வாழ்நாளில் என்னைப் பற்றி ஒருவர் சொன்ன நல்ல வார்த்தைகளில் அதுதான் பெரியது. அதைக் கேட்டுக்கொண்டு நான் வெங்காயம் உரித்தேன்.

அவள் பேணியைப் பற்றி உன்னிடம் மூச்சு விடவில்லை. விடிந்ததும் பிள்ளையோடு வெளிக்கிட்டாள். படலையடியில் நின்று திரும்பினாள். அழுவாள், இல்லாவிட்டால் என்னை ஏசுவாள் என்று நினைத்து, அதற்குப் பதில் கூட மனதில் ஆயத்தமாக வைத்திருந்தேன்.

"அத்தை, நான் சொன்னா அவரு நம்பமாட்டாரு. நீங்க சொன்னாத்தான் நம்புவாரு. நீங்களே சொல்லுங்க" என்றாள்.

ஐந்து வருடத்துக்குப் பிறகு அத்தை என்றாள். நான் திருத்தவில்லை.

மூன்று வாரம் நான் ஒன்றும் செய்யவில்லை. பிறகு ஒருநாள் அவள் தாயின் போனிலிருந்து நிலானி எடுத்தாள். குரல் தெளிந்திருந்தது. கோழி, பக்கத்து வீட்டு நாய்க்குட்டி என்று எல்லாம் கதைத்துவிட்டுச் சத்தத்தைத் தணித்து, "அப்பம்மா, ஏசாதேங்கோ. நான் பழஞ்சோறு சாப்பிட்டனான்" என்றாள். அந்தப் பிள்ளை தேனை ஒளிக்கவும் சோற்றுக்குப் பயப்படவும் என்னிடம்தான் பழகியது. அடுத்த நாள் பேணியைச் சீலைப்பைக்குள் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

அதே டொக்டர்தான். வரிசையில் இருந்து என் முறை வந்ததும் பேணியை மேசையில் வைத்துத் திறந்தேன். நோயாளி யார் என்று கேட்டா. நான்தான் என்றேன். முழுவதையும் சொன்னேன். டொக்டர் ஏசவில்லை, அது எனக்கு ஏச்சை விடக் கடினமாக இருந்தது. ஒரு காகிதத்தில் எழுதி எழுதி விளங்கப்படுத்தினா. நான் விளங்கிக்கொண்டதை எழுதுகிறேன், உனக்கும் தேவைப்படும்.

எங்கள் குடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் கணக்கில்லாமல் இருக்கின்றனவாம். கெட்டவை கொஞ்சம், நல்லவை கூட. நாங்கள் தின்கிற சாப்பாட்டில் எங்களால் செரிக்க முடியாத நாரை அந்த நல்லவை தின்று வாழ்கின்றன. பதிலுக்குக் குடலைப் பலமாக வைத்திருக்கின்றன, கெட்டவற்றுக்கு இடம் விடாமல் பார்த்துக்கொள்கின்றன. அன்ரிபயோட்டிக் உயிர் காக்கிற மருந்துதான், தேவையான நோய்க்கு டொக்டர் தந்தால் முழுவதும் எடுக்க வேண்டும். ஆனால் அது உள்ளே போனால் நல்லது கெட்டது பார்க்காது. பிள்ளைகளின் வயிற்றோட்டத்துக்குப் பெரும்பாலும் அது தேவையே இல்லை, தண்ணீரும் உப்பும்தான் தேவை. நான் தேவையில்லாமல், அதுவும் அரையும் குறையுமாக, திரும்பத் திரும்பக் கொடுத்து அந்த நல்லவற்றை அழித்திருக்கிறேன். கெட்டவை சில அரைமருந்துக்குச் சாகாமல் பழகிக்கொள்ளவும் பார்க்குமாம். எனக்கு உடனே வயல்தான் ஞாபகம் வந்தது. கண்டபடி மருந்து அடித்த வருடம் வரம்பில் ஒரு தவளையும் இல்லாமல் போய், அடுத்த போகம் பூச்சி இரண்டு மடங்காக வந்ததே, நீ சின்னப் பிள்ளை. அதை நான் கண்ணால் கண்டவள். வயலுக்குத் தெரிந்தது வயிற்றுக்குத் தெரியவில்லை.

அழிந்தது திரும்ப வருமா என்று கேட்டேன். மெல்ல மெல்ல வரும் என்றா. உடம்புக்கு நன்மை செய்கிற உயிருள்ள கிருமிகளைப் புரோபயோட்டிக் என்று சொல்வார்களாம். நல்ல தயிரில் அப்படிப்பட்டவை இருக்கலாம். அவற்றுக்கு இரையாகிற நாருக்குப் பிரீபயோட்டிக் என்று பெயர். வெங்காயம், உள்ளிப்பூண்டு, வாழைப்பழம், பயறு, கடலை, குரக்கன் தானியம், தவிடு போகாத சிவப்பரிசி, கீரை. நான் கேட்டுக்கொண்டே போனேன். அது ரேணுகாவின் சட்டி, ராசா. தயிரும் சின்ன வெங்காயமும் சிவப்பரிசியும். நான் பிடுங்கிக் கோழிக்கு வைத்த சட்டி. பழஞ்சோற்றில் இருக்கிற கிருமி சட்டிக்குச் சட்டி மாறும், அதை மருந்தென்று நினைக்க வேண்டாம், சுத்தமாகச் செய்த நல்ல சாப்பாடு என்று நினைத்தால் போதும் என்று டொக்டர் சொன்னா. பாமசியில் விற்கிற புரோபயோட்டிக் பொடியைக் கேட்டேன், நீ அனுப்புவதாகச் சொன்னாயே, அதற்காக. பிள்ளை தேறி வருகிறாள், இப்போதைக்குத் தேவையில்லை, கேட்காமல் வாங்கிக் கொடுக்க வேண்டாம் என்றா. கேட்காமல் என்ற சொல்லைக் கொஞ்சம் அழுத்தித்தான் சொன்னா.

எழும்பும் முன் நான் என்னைக் காப்பாற்ற ஒரு கடைசிக் கதை சொன்னேன். ஊரில் எல்லாருக்கும் நான் சொல்கிற கதை. சண்டையில் இடம்பெயர்ந்து கூடாரத்தில் இருந்தபோது உனக்குப் பதினொரு வயது, வயிற்றோட்டத்தில் நீ கண் சொருகிக் கிடந்தாய், ஒருவர் தந்த ஒரே ஒரு கப்சூல் உன்னைக் காப்பாற்றியது. அதனால்தான் எனக்குக் குளிசையில் இவ்வளவு நம்பிக்கை என்றேன். டொக்டர் வேறு என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டா. நான் பேணியை மூடினேன். "ஒரு கப்சூலால மாறியிருக்காது அம்மா. யாரோ பிள்ளைக்குத் தண்ணி குடுத்திருக்கினம்" என்றா.

கொடுத்தது யாரென்று உனக்கு நான் சொன்னதே இல்லை. பக்கத்துக் கூடாரத்துப் பெண். ரேணுகாவின் ஆட்களைப் போலப் பேசுகிறவள். இரண்டு பகல் உன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரைக் கரண்டி கரண்டியாக உன் வாயில் விட்டாள். நீ கக்கினால் துடைத்துவிட்டு, கொஞ்சம் பொறுத்துத் திரும்பவும் விட்டாள். நீ கண் திறந்த அன்று நம்முடைய ஊர்ச் சனம் நம்மைத் தேடி வந்தது. நீ குடித்ததை அவர்கள் காணக்கூடாதென்று நான் அவளுடைய கோப்பையை எடுத்துப் பைக்குப் பின்னால் ஒளித்தேன். அவள் கண்டாள். எழும்பிப் போனாள். பின்னேரம் திரும்பவும் வந்தாள், நீ எப்படி இருக்கிறாய் என்று பார்க்க. அவளுடைய பெயரை நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உனக்குச் சொல்ல வேண்டி வந்திருக்கும். அவளை அழித்துவிட்டு அந்த இடத்தில் ஒரு குளிசையை வைத்தேன். அந்தக் குளிசையை நம்பி நம்பி, கடைசியில் உன் பிள்ளைக்கே கொடுத்தேன்.

உனக்குப் புத்தி சொல்கிற தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் தாய், சொல்லாமல் இருக்க வராது. நீயும் தொண்டை நொந்தால் அறைச் சிநேகிதனிடம் கப்சூல் வாங்கிப் போடுகிறாய், பிறகு வயிறு எரிகிறது என்கிறாய். அது என்னிடம் பழகினது. விட்டுவிடு. பொரித்ததையும் சோடாவையும் குறைத்து, கிடைக்கிற தயிரை, பயறை, பழத்தை வாங்கிச் சாப்பிடு. ஒரே நாளில் கூட்டாதே, வயிறு ஊதும், கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டு. இன்னொன்று. ரேணுகாவுக்குப் போன் எடுக்கும்போது என் பெயரைச் சொல்லித் தொடங்காதே. "அம்மாவை மன்னிச்சுக்கொள்" என்று எனக்காகக் கேட்காதே. நீ கத்தினதற்கு நீ கேள். அவள் சொல்ல வந்ததை ஒருமுறை கூட முழுதாகச் சொல்லவிடாமல் மறித்தாயே, அதை முதலில் கேட்டு முடி. என்னுடையதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

பேணியை ஆஸ்பத்திரியிலேயே கொடுத்துவிட்டு வந்தேன். சந்தையில் ஒரு புது மண்சட்டி வாங்கி, மூன்று நாளாக அரிசி கழுவின தண்ணீர் ஊற்றிப் பழக்கி வைத்திருக்கிறேன். பெரியப்பாவுக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் நான் மட்டும் போகிறேன், பிள்ளையைத் தூக்கிவர இல்லை. அவர்கள் காலைச் சாப்பாட்டுக்கு இருக்கிற நேரத்துக்குப் போய்ச் சேருவேன். சம்பந்தியம்மா பழக்கத்தில் சோடா வாங்கிவர ஆள் அனுப்பப் பார்ப்பா. மறித்து, சட்டியில் இருக்கிறதில் எனக்கும் ஒரு கை தரச் சொல்லிக் கேட்க வேண்டும். கேட்பது எனக்குச் சுலபமாக இருக்காது. தராமல் விட்டாலும் அவர்களில் பிழை இல்லை, அங்கேயே இருப்பேன்.

இந்தக் கடிதத்தைப் படம் பிடித்து உனக்கு அனுப்ப எனக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுப் பெட்டைக்குத் தெரியும், ஆனால் அவளிடம் கொடுக்கப் போவதில்லை. ரேணுகாவிடம்தான் கொடுப்பேன். அவள் முழுவதும் வாசித்துவிட்டு அனுப்பட்டும். ஆனால் அந்த வீட்டில் என் கை நனையும் வரை இதைப் பையை விட்டு வெளியே எடுப்பதில்லை என்று வைத்திருக்கிறேன். ஆகவே இதை நீ வாசிக்கிறாய் என்றால், நான் அங்கே சாப்பிட்டுவிட்டேன்.

அம்மா